'ஐ ஆம் லவிங் யூ' என்று சொன்னால் தப்பா?

இரண்டு வருடமாகப் பழகும் பெண்ணுக்கு 'ஐ ஆம் லவிங் யூ சின்ஸ் டூ இயர்ஸ்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை ஐந்து வந்தது, இதில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் ஒன்று, ஐந்து பொம்மை வந்ததே நல்ல சகுனம். வெறும் நீல டிக் வந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

நம் பேச்சில் 'படிச்சிட்டிருக்கேன்', 'வேலை தேடிட்டிருக்கேன்', 'லவ் பண்ணிட்டிருக்கேன்' மூன்றும் ஒரே அச்சு. பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பது, ரீசார்ஜ் போடுவது, ராத்திரி ஒரு மணி வரை பேசுவது எல்லாம் சேர்ந்தால் அது ஒரு முழு நேர வேலைதான், அதனால் தமிழில் பொருந்துகிறது. ஆங்கிலத்தில் லவ் என்பது வேலை இல்லை, மனசு இருக்கிற நிலை. அதற்குத் தமிழில் சரியான ஜோடி 'காதலிக்கிறேன்' கூட இல்லை, 'பிடிக்கும்'தான். 'எனக்கு உன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறது' என்று யாராவது சொல்வார்களா? தெரியும், வேண்டும் என்பதற்கும் அதே கதைதான், 'ஐ ஆம் நோயிங்', 'ஐ ஆம் வான்டிங்' காதில் உதைப்பது அதனால்தான். நான் வாய் திறப்பதற்கு முன் மனசுக்குள் 'பிடிக்கும்' என்று போட்டுப் பார்த்துக்கொள்வேன், 'கொண்டிருக்கிறது' ஒட்டவில்லை என்றால் 'லவிங்'கும் ஒட்டாது.

அந்த இரண்டு வருடத்தை என்ன செய்வது? 'ஐ ஹேவ் லவ்ட் யூ ஃபார் டூ இயர்ஸ்'. 'இரண்டு வருடமாக' என்று 'ஆக' போட்டு வந்தால் ஃபார், '2023-லிருந்து' என்று தொடக்கத்தைச் சொன்னால் சின்ஸ். அவ்வளவுதான்.

மெக்டொனால்ட்ஸ் 2003-லிருந்து 'ஐ ஆம் லவின் இட்' என்றுதானே விளம்பரம் செய்கிறது என்று இப்போது யாராவது கீழே கேட்பார்கள். கேட்கட்டும். அது இந்த நேரத்து ரசனை. சேலத்து வெயிலில் வெந்துவிட்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி ஏற்காடு ஏரிக்கரையில் இறங்குகிறீர்கள், சில்லென்று முகத்தில் காற்று படுகிறது, அப்போது 'ஐ ஆம் லவிங் திஸ் வெதர்' என்றால் பேச்சு வழக்கில் யாரும் தப்பு சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் அங்கே தமிழில் வருவது 'பிடிக்கும்' இல்லை, 'ரசிச்சிட்டிருக்கேன்'. வானிலைக்கு, சாப்பாட்டுக்கு, புது வேலைக்கு இது ஓடும். ஒரு ஆளிடம் காதலைச் சொல்லும்போது இதைக் கொண்டுபோகாதீர்கள்.

எனக்கே இதெல்லாம் அடிபட்டு வந்த பாடம். ஏற்காட்டில் ஒரு விடுதியில் நாலு வருடம் ரிசப்ஷனில் இருந்தேன். இங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு வயதான தம்பதி, நாளைக்குச் சாயங்காலம் எங்களோடு டீ குடிக்க வருகிறாயா என்று கேட்டார்கள். நான் பணிவாக, தலையை வேறு ஆட்டிக்கொண்டு, 'ஐ லவ் டு கம்' என்றேன். அந்தத் தாத்தா மேற்கொண்டு ஏதோ சொல்வேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் அவர் முகத்தைப் பார்க்கிறேன். கடைசியில் அவரே, அப்படியானால் வருகிறாய்தானே என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். நான் சொன்னதற்கு 'வருவதென்றால் எனக்கு எப்போதுமே பிடிக்கும்' என்று அர்த்தம். ஒரு அழைப்புக்குச் சரி சொல்ல 'ஐ வுட் லவ் டு கம்', சுருக்கி 'ஐட் லவ் டு'. காபி வேண்டுமா என்றால் 'ஐட் லவ் ஒன்', இது 'குடுத்தா நல்லாயிருக்கும்' என்கிற மரியாதை. 'ஐ லவ் காபி' என்று சொன்னால் காபி பிடிக்கும் என்ற தகவல்தான் அவர்களுக்குக் கிடைக்கும், காபி கிடைக்குமா என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

அந்தத் தம்பதி கிளம்பும்போது எனக்கு ஒரு கார்டு எழுதிக் கொடுத்து, அடியில் 'லவ்' போட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். சமையல்கட்டில் இருந்த அண்ணன் அதைப் பார்த்துவிட்டு ஒரு மாதம் என்னை விடவில்லை. நெருங்கியவர்களுக்கு எழுதும்போது 'அன்புடன்' மாதிரி அவர்கள் போடுவது அது. நம் ஊரில் லவ் என்றால் காதல் ஒன்றுதான், அங்கே அம்மா, நாய்க்குட்டி, தட்டுவடை செட் எல்லாவற்றுக்கும் அதே சொல். என் அப்பாவிடம் 'ஐ லவ் திஸ் காபி' என்று சொன்னால், கட்டிக்கப் போறியா என்பார்.

பொருளைச் சொல்லும்போது ஒருமை பன்மையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 'ஐ லவ் சிக்கன்' என்றால் தட்டில் இருப்பது, 'ஐ லவ் சிக்கன்ஸ்' என்றால் முற்றத்தில் மேய்வது. அம்மாபேட்டையில் எங்கள் அத்தை ஆசையாகக் கோழி வளர்க்கிறார், அவரைப் பற்றிச் சொல்லும்போது அந்த ஒரு 'ஸ்' விட்டுப்போனால் அர்த்தம் குழம்புக்குப் போய்விடும். மாம்பழத்துக்கு அவ்வளவு ஆபத்து இல்லை, பொதுவாகப் பிடிக்கும் என்றால் 'ஐ லவ் மாங்கோஸ்', 'த' சேர்த்தால் ஏதோ குறிப்பிட்ட பழங்களைச் சொல்கிறீர்கள் என்று ஆகும்.

அப்புறம் இந்த 'மேல்'. தமிழில் அவள் மேல் காதல், அதனால் 'லவ் ஆன் ஹர்' என்று வந்துவிடுகிறது. 'ஐ லவ் ஹர்' என்றால் நடுவில் எதுவுமே வேண்டாம், 'ஐ ஆம் இன் லவ்' என்றால் 'வித் ஹர்', பெயர்ச்சொல்லாக 'மை லவ்' என்றால் 'ஃபார் ஹர்'. ரொம்ப என்பதை முன்னால் வைத்து 'ஐ வெரி லவ் யூ' என்பார்கள் சிலர், 'வெரி மச்' கடைசியில் வர வேண்டும். பனி இறங்கினால் பிடிக்கும் என்று சொல்ல 'ஐ லவ் இட் வென் த மிஸ்ட் கம்ஸ் டவுன்', அந்த 'இட்'டுக்குத் தமிழில் இடமே இல்லாததால் நமக்கு மறந்துபோகும்.

பொண்ணு பார்க்கப் போன இடத்தில் 'பிடிச்சிருக்கா?' என்று கேட்பதும் ஆங்கிலத்தில் 'டூ யூ லைக் ஹர்?' தான், 'ஹேவ் யூ லைக்ட்' இல்லை. சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொல்லும் 'பிடிச்சிருந்தது' மட்டும் 'ஐ லவ்ட் இட்'.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்கே 'ஐ ஹேவ் லவ்ட் யூ ஃபார் டூ இயர்ஸ்' என்று திருத்தி அனுப்புங்கள், மறுபடி பொம்மை வந்தால் அது இலக்கணத்துக்காக இருக்காது. யாரிடமாவது ஆங்கிலத்தில் அவளை அறிமுகப்படுத்தும்போது மட்டும் 'மை லவர்' என்று சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டுக்காரர் காதில் அது படுக்கையறை வரை போகிற சொல், பல சமயம் கள்ள உறவு என்றே எடுத்துக்கொள்வார்கள். 'மை கேர்ள்ஃப்ரெண்ட்' போதும்.