ஜப்பானின் குட்டி லாரிகள் கரடுமுரடான பாதைக்கு உதவுமா?

பொம்மைபோல் இருக்கும் ஜப்பானிய கெய் டிரக்குகளால் ('கெய்' என்பது அங்குள்ள மிகச் சிறிய வாகன வகை) உண்மையில் பயன் உண்டா, வெறும் ஆசைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆசையும் உண்டு, பயனும் உண்டு.

ஜப்பானியச் சட்டப்படி இவை 3.4 மீட்டர் நீளத்தையும் 1.48 மீட்டர் அகலத்தையும் தாண்டக் கூடாது. இன்ஜின் 660 சிசி, சுமை 350 கிலோ. பெரிய பிக்கப் திணறும் வயல் பாதையிலும் தோப்புக்குள்ளும் இவை நுழைந்து, திரும்பியும் வந்துவிடும். எடை குறைவு என்பதால் சேற்றில் சிக்கினாலும் நாலு பேர் தள்ளினால் போதும்.

ஹோண்டாவின் கெய் டிரக்கான ஆக்டியின் 'அட்டாக்' வகையைப் பாருங்கள். நான்கு சக்கர இயக்கத்தோடு, ஊர்ந்து செல்வதற்கென்றே முன்னுக்கு ஒரு கியர், பின்னுக்கு ஒரு கியர். கூடவே பின் டிஃபரன்ஷியல் லாக், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் பூட்டு. ஒரு சக்கரம் சேற்றில் வீணாகச் சுழலும்போது லாக்கைப் போட்டால், பிடிமானம் உள்ள மறு சக்கரம் வண்டியை இழுத்துவிடும். பின்தட்டின் மூன்று பக்கப் பலகைகளும் கீழே மடங்கும். மூட்டையை எந்தப் பக்கமிருந்தும் ஏற்றலாம். என்னைக் கேட்டால், நான்கு சக்கர இயக்கத்தைவிட அன்றாடம் கைகொடுப்பது இதுதான்.

பாறைப் பாதைக்கு இவை வேண்டாம், சக்கரம் சிறியது. நெடுஞ்சாலையும் சுகப்படாது. ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பது ஏறக்குறைய ஒரு தகடுதான். அமெரிக்காவில் 25 ஆண்டு கடந்த வண்டிகளை இறக்குமதி செய்யலாம் என்றாலும், சில மாநிலங்கள் சாலையில் ஓட்டத் தடை போடுகின்றன. பண்ணைக்குள் ஓட்ட அந்தக் கவலை இல்லை.