இலவச மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கேட்டால்?

கேள்வி: பொது சுகாதாரத் துறையில் நோய்க் கண்காணிப்புப் பிரிவில் இருக்கிறேன். சுகாதாரத் தரவுகளைச் சேர்த்து அறிக்கையாக்கும் டிஹெச்ஐஎஸ்2 என்ற திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளை எங்களுக்கு ஏற்ப மாற்றித் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வருடா வருடம் உரிமக் கட்டணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: உரிமத்துக்கு ஒரு காசும் வேண்டாம். ஆஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்துவரும் மென்பொருள் அது, யாரும் இறக்கிக்கொள்ளலாம். சர்வர், பயிற்சி, பராமரிப்புக்குச் செலவு உண்டு. அந்தப் பெயரிலேயே கேட்கட்டும், கொடுங்கள். ஆனால் பல டெண்டர் படிவங்களில் உரிமத்துக்குக் கட்டம் இருக்கிறது, பராமரிப்புக்கு இல்லை. எத்தனை வருடமாகச் சொல்கிறோம், மாற்ற மாட்டேன் என்கிறார்கள்!

எனக்குக் கவலை, 'மாற்றித் தருகிறோம்' என்பதில்தான். படிவம், அறிக்கை, பயனர் அனுமதி எல்லாவற்றையும் திரையிலேயே அமைத்துக்கொள்ளலாம். கூடுதல் தேவையைத் தனிச் செயலியாக மேலே பொருத்தலாம். மூல நிரலில் கைவைக்க விடாதீர்கள். கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான் மூலக் குழுவின் ஆதரவு உண்டு. நிரலைக் குதறிவிட்டால் புதிய பதிப்பை ஏற்றுவது பெரும்பாடு. அப்புறம் அந்த ஒரே நிறுவனத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். ஓர் அலுவலகத்தில் பார்த்தேன்: ஒப்பந்தம் முடிந்துவிட்டது, நிர்வாகிக் கடவுச்சொல் அவர்களிடமே இருந்தது. ஊழியர்கள் காய்ச்சல் கணக்கை மறுபடி எக்செல்லில் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

'திறமூலம்தானே, நிரலைக் கேட்டு வாங்கிவிடலாம்' என்று இருந்துவிடாதீர்கள். இதன் உரிமம் பிஎஸ்டி வகை. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் எடுக்காதவரை, மாற்றிய நிரலைப் பூட்டிவைத்து விற்கவும் அது இடம் கொடுக்கிறது. ஜிபிஎல் என்ற இன்னொரு உரிம வகையில் மென்பொருளைக் கொடுப்பவர் நிரலையும் கொடுத்தாக வேண்டும். அதிலும், அவர் தன் சர்வரில் ஓட்டி நீங்கள் பிரவுசரில் மட்டும் பயன்படுத்தினால் அந்தக் கடமை கிடையாது. அதைவிடக் கறாரான ஏஜிபிஎல் உரிமம் என்றால், மாற்றிய நிரலை அப்போதும் தர வேண்டும். உங்கள் விஷயத்தில் உரிமம் காப்பாற்றாது, ஒப்பந்தம்தான் காப்பாற்றும். அவர்கள் எழுதித் தரும் நிரல், தரவு, நிர்வாகிக் கடவுச்சொல், டொமைன் பெயர் எல்லாம் துறைக்கே சொந்தம் என்று எழுதி வாங்குங்கள்.

முழுப் பணமும் கொடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வெறும் கணினி ஒன்றை எதிரே வையுங்கள். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து நீங்கள் பயன்படுத்தும் அதே எண் பதிப்பை இறக்கி, உங்கள் போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள) பேக்கப்பை அதில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். போன மாத அறிக்கையைத் திறந்து எண்கள் ஒத்துவருகின்றனவா பாருங்கள். வந்தால் சரி. 'அடுத்த வாரம் காட்டுகிறோம்' என்றால், பணமும் அடுத்த வாரமே போகட்டும்.