வயலை விற்று விமானியாக்கலாமா?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். உயர்தரக் கணிதப் பிரிவில் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மகனை விமானியாக்கியே தீருவதென்று லண்டனிலுள்ள மாமா ஒற்றைக்காலில் நிற்கிறாராம். பாதிச் செலவை அவர் தருவாராம். மீதிக்கு வெல்லாவெளிப் பக்கத்து வயலை விற்க வேண்டுமாம்.

அம்மா, மாமாவின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால், இன்றைய நிலையில் வயலை விற்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் சிவில் விமானங்களுக்குத் திறக்கப்பட்ட பிறகு எங்கள் பகுதியில் இந்த ஆசை கூடியிருக்கிறது. கணக்குப் பார்க்கும் பழக்கம்தான் அதற்கேற்பக் கூடவில்லை.

வணிக விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 18 வயதும், 200 மணித்தியாலப் பறப்பும், அல்லது அங்கீகரிக்கப்பட்ட முழுநேரப் பயிற்சியாயின் 150 மணித்தியாலமும், முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழும் வேண்டும். அதோடு முடிவதில்லை. கருவிகளை மட்டும் நம்பிப் பறப்பதற்கும், இரட்டை இயந்திர விமானம் ஓட்டுவதற்கும் தனித்தனித் தகுதிகள் இருக்கின்றன. பெரிய பயணிகள் விமானத்தில் அமர அந்த ரக விமானத்துக்கென்றே இன்னொரு பயிற்சி இருக்கிறது, பல இடங்களில் அதன் செலவும் பயிலுபவரின் தலையில்தான் விழும். பெரிய விமானத்தின் தலைமை விமானியாவதற்குரிய உரிமத்துக்கு 1500 மணித்தியாலம் தேவை. இடைநடுவில் பணம் முடிந்தால் பறப்பும் நின்றுவிடும்; மீண்டும் தொடங்கும்போது, முன்பு பழகியதையே மறுபடி பழகுவதற்கு மணித்தியாலக் கணக்கில் கட்ட நேரும். இத்தனைக்குப் பிறகும் கையிலிருப்பது உரிமம் மட்டுமே. வேலையை விமான நிறுவனம்தான் தர வேண்டும்.

உங்கள் கடிதத்தில் பிள்ளையைப் பற்றி ஓரிடத்தில்தான் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் கரைக்கு மேலாகச் செல்லும் விமானங்களைத் தொலைபேசியில் பார்த்து, அவற்றின் இலக்கம், உயரம், திசை ஆகியவற்றை அவர் கொப்பியில் கோடு போட்டு எழுதி வைக்கிறார் என்கிறீர்கள். பறக்க வேண்டுமென்று அவர் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. ஆசை மாமாவுடையது. பிள்ளையின் நாட்டமோ, எந்த விமானம் எங்கே, எந்த உயரத்தில் செல்கிறது என்பதில் இருக்கிறது.

அந்த நாட்டத்துக்கென்றே ஒரு தொழில் உண்டு: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், அதாவது விமானங்கள் ஒன்றோடொன்று மோதாதபடி தரையிலிருந்து விமானிகளோடு பேசி வழிநடத்துபவர். எங்கள் பெற்றோர் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. இலங்கையில் இவர்களைப் பணிக்கு அமர்த்துவது விமான நிலைய மற்றும் விமான சேவைகள் நிறுவனம். பயிற்சி நிலையம் இரத்மலானையில் இருக்கிறது. பயிலுநராகத் தெரிவான பிறகே பயிற்சி என்பதால், பறப்புக்கு மணித்தியாலக் கணக்கில் கட்டும் சுமை இங்கில்லை. ஓடுபாதையையும் அதைச் சுற்றிய வானத்தையும் கோபுரத்திலிருந்து பார்ப்பவர் ஒருவர். இறங்கவும் ஏறவும் வரும் விமானங்களை ஒழுங்குபடுத்துபவர் இன்னொருவர். கடலுக்கு மேலே நெடுந்தூரம் செல்லும் விமானங்களுக்குப் பொறுப்பானவர் மற்றொருவர். ஒரே பாதையில் மேலும் கீழுமாகச் செல்லும் இரு விமானங்களுக்கிடையே வழக்கமாக 1000 அடி இடைவெளி காக்கப்படும். கட்டுப்பாட்டாளர் ஓர் உயரத்தைச் சொன்னால் விமானி அதைத் திருப்பிச் சொல்வார். அந்தத் திருப்பிச் சொல்லலில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும், வேறு விமானங்கள் பேசக் காத்திருக்கும் அந்த நொடியிலேயே காதில் பிடித்துத் திருத்த வேண்டும்.

சர்வதேச விதிப்படி இந்த உரிமத்துக்கு வயது 21 நிறைந்திருக்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழும், விமானத்துறைக்கென்று வகுத்த ஆங்கில அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலைத் தேர்ச்சியும் வேண்டும். கோபுரப் பணிக்கான தகுதியைப் பெற, பயிற்சிக்குப் பின்னும் மேற்பார்வையில் 90 மணித்தியாலம் அல்லது ஒரு மாதம், இவற்றில் எது கூடுதலோ அது, கடமை செய்திருக்க வேண்டும். தமிழ்மொழி மூலம் படித்த எங்கள் பிள்ளைகள் தடுமாறுவது கணிதத்தில் அல்ல, வேகமாகப் பேசப்படும் ஆங்கிலத்தைக் கேட்டு விளங்குவதில்தான். பெறுபேறு வரும்வரையான மாதங்களை அதற்குக் கொடுங்கள். ஆட்சேர்ப்பு ஆண்டுதோறும் நடக்குமென்று எண்ணியிருக்க வேண்டாம், இடங்களும் குறைவு. ஆகவே பல்கலைக்கழக அனுமதி கிடைத்தால் அதை விடாமல், அறிவித்தல் வரும்போது விண்ணப்பிக்கட்டும்.

நிறக்குருட்டுத்தன்மை இரண்டு தொழில்களுக்குமே தடையாகலாம். ஆதலால் மட்டக்களப்பிலேயே ஒரு கண் வைத்தியரிடம் நிறப் பார்வையைச் சோதித்துக்கொள்ளுங்கள், சில நிமிட வேலைதான். கண்ணாடி அணிந்தவர் விமானியாக முடியாது என்பது வீண் பயம். கண்ணாடியோடு பார்வை உரிய அளவை எட்டினால் போதும்.

பிள்ளையைத் தனியே இருத்தி, மாமா இல்லாத நேரத்தில், பறக்க விருப்பமா என்று கேளுங்கள். ஆம் என்றால், மாமா முதலில் தர வேண்டியது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை அங்கீகரித்த வைத்தியரிடம் முதலாம் வகுப்புப் பரிசோதனை செய்வதற்கான பணம் மட்டுமே. அதில் தேறிய பிறகு, எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் முற்பணம் கட்டுமுன், அதன் கட்டண ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு என்னிடம் வாருங்கள்.