பூசாத நிலவறையோடு ஒரு வீடு: முன்பணம் கொடுக்கலாமா?

கேள்வி: காரைக்குடியில் 8 ஆண்டுகளுக்கு முன் கட்டிய, 2,800 சதுர அடி வீட்டை 90 லட்சத்துக்குப் பேசியிருக்கிறோம். கீழே ஒரு நிலவறை, பூச்சும் தரையும் இல்லாமல் கிடக்கிறது. பத்திரம் முடிந்ததும் சரிசெய்து தருவதாகச் சொல்கிறார்கள். உரிமையாளர் சிங்கப்பூரில் இருக்கிறார். அவருக்காகச் செயல்படும் அதிகாரப் பத்திரம் (பவர்) அவர் தம்பியிடம். 5 லட்சம் முன்பணம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். முதலில் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேளுங்கள். அதில் நிலவறை இருக்கிறதா என்பதுதான் இந்தப் பேரத்தின் உயிர்.

நம் பக்கத்தில் கொத்தனார் 'பேஸ்மென்ட்' என்றால் தரைக்கு மேல் எழுப்பும் பீடத்தைத்தான் சொல்வார். அதே சொல் மதிப்பீட்டிலும் பத்திரத்திலும் ஏறிவிட்டால், பூமிக்குக் கீழே ஓர் அறை இருப்பதாகவே யாரும் படிக்க மாட்டார்கள். வரைபடத்தின் வெட்டுத்தோற்றத்தில் (வீட்டை மேலிருந்து கீழாக வெட்டிப் பார்த்தது போன்ற படம்) தரைமட்டக் கோட்டுக்குக் கீழ் அந்த அறையும் அதன் உயரமும் காட்டப்பட்டிருக்க வேண்டும். காரைக்குடி மாநகராட்சியானது 2024இல்தான். ஆகவே வீடு கட்டிய ஆண்டில் அந்த மனை நகராட்சியில் இருந்ததா, ஊராட்சியில் இருந்ததா என்று பார்த்து, அனுமதி எண்ணை உரிய அலுவலகத்தில் சரிபாருங்கள். வரைபடத்தில் இல்லாத நிலவறைக்கு நோட்டீஸ் வந்தால், அன்றைக்கு உரிமையாளராக இருக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வங்கியும் அனுமதி பெற்ற பரப்புக்கு மேல் கடனுக்குக் கணக்கிடத் தயங்கும்.

அடுத்தது நீர்க்கசிவு. சொத்து மாற்றச் சட்டம் 1882, பிரிவு 55இன்படி, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தெரியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும்; சொல்லாமல் விட்டால் அது மோசடி. ஆனால் பூசாத சுவர் கண்ணுக்குத் தெரியும் குறை. அதைப் பிறகு காரணம் காட்ட முடியாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு ஒரு கட்டமைப்புப் பொறியாளரோடு இறங்கிப் பாருங்கள். உப்புப் பூத்திருக்கிறதா, நீர் நின்ற கோடு தெரிகிறதா, அருகில் ஊருணியோ கிணறோ இருந்தால் அதன் நீர்மட்டம் என்ன? சுற்றுச்சுவர் கான்கிரீட்டா, 9 அங்குலச் செங்கல் சுவரா என்பதும் முக்கியம். ஈரமண்ணின் அழுத்தத்தில் செங்கல் சுவர் உள்நோக்கிப் பிதுங்கலாம். வெளிப்பக்கம் நீர்க்காப்பு செய்யாமல் விட்டிருந்தால், உள்ளே பூசுவதால் மட்டும் கசிவு பெரும்பாலும் நிற்காது; வெளியே மண்ணைத் தோண்டிச் செய்ய வேண்டியிருக்கலாம். அந்தச் செலவையும் மதிப்பீட்டில் சேர்க்கச் சொல்லுங்கள்.

'பத்திரத்துக்குப் பிறகு முடித்துத் தருகிறேன்' என்பதை ஏற்காதீர்கள். எழுதிய பத்திரத்துக்கு மாறான வாய்ப்பேச்சை நீதிமன்றம் பொதுவாக ஏற்காது. பொறியாளர் மதிப்பிடும் செலவை விலையிலேயே கழித்துவிடுவதுதான் பாதுகாப்பு.

விலை படிந்தால் விற்பனை ஒப்பந்தம் போடுங்கள். தமிழ்நாட்டில் 2012 முதல் அதைப் பதிவு செய்வது கட்டாயம். அதில் நிலவறையின் நீளம், அகலம், உயரம் இருக்கட்டும். 'நீர் கசிந்த விவரம் எதையும் மறைக்கவில்லை' என்ற உறுதிமொழியும், வரைபடமோ மூலப்பத்திரமோ சரியில்லை என்றால் முன்பணம் முழுதும் திரும்ப வேண்டும் என்ற வரியும் வேண்டும். கிரயப் பத்திரத்தோடு தரும் கட்டிட விவரத்திலும் நிலவறையைக் காட்டுங்கள். மறைத்தால் குறைமதிப்பு என்று பின்னால் வசூல் வரும். 90 லட்சத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம் 6.30 லட்சம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம் 1.80 லட்சம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இதைவிட அதிகமாக இருந்தால் அதன் மீது கணக்கு.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குத் தெரு நீளும் பழைய வீட்டின் பின்கட்டைப் பிரித்து எழுந்த புது வீடுகள் இங்கே உண்டு. உங்கள் மனையும் அப்படியா? அப்படியானால் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவானதா, பங்காளிகள் எல்லோரும், பெண் பிள்ளைகள் உட்பட, கையெழுத்திட்டார்களா, நடைபாதையும் கிணறும் இன்னும் பொதுவா என்று 30 ஆண்டு வில்லங்கச் சான்றோடு (சொத்தின் மீது பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல்) ஒப்பிடுங்கள்.

பவர் சிங்கப்பூரில் எழுதியதென்றால், அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். விற்கவும் பணம் பெறவும் அதிகாரம் தனித்தனியாக எழுதியிருக்கிறதா, ரத்தாகவில்லையா என்று உரிமையாளரிடமே காணொளியில் கேளுங்கள். பணத்தைத் தம்பி கணக்கில் போடாமல் உரிமையாளர் கணக்கிலேயே செலுத்துங்கள். வரிச் சட்டப்படி அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், 50 லட்சமோ அதற்கு மேலோ உள்ள கிரயங்களில் வாங்குபவர் விலையிலிருந்து வழக்கமாகப் பிடித்து வருமான வரியாகக் கட்டும் 1 சதவீதம் இங்கே போதாது. குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையில் அவர் வாங்கித் தர வேண்டும். தராமல் நீங்கள் குறைவாகப் பிடித்தால், மீதியைத் துறை உங்களிடம்தான் கேட்கும். முன்பணத்துக்கும் இந்தப் பிடித்தம் உண்டு.