எம்பிஐயோடு ஒன்று, இல்லாமல் ஒன்று: இரண்டு பேக்கேஜ் எழுத வேண்டுமா?

வேண்டாம். உங்கள் கோவை கல்லூரி ஆய்வகத்துக்கு எச்டிஎஃப்5 (பெரிய தரவுகளைச் சேமிக்க உதவும் மென்பொருள் நூலகம்), எம்பிஐ (பல செயலிகள் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யத் தகவல் பரிமாறும் முறை) சேர்ந்தும் சேராமலும் இரண்டு விதமாகத் தேவை என்கிறீர்கள். மென்பொருள்களைக் கம்பைல் செய்து நிறுவித் தரும் கருவியான ஸ்பேக்கில் ஒரே செய்முறைக் கோப்பு போதும். அதில் எம்பிஐ ஒரு வேரியன்ட், அதாவது வேண்டும் அல்லது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் வசதி. நிறுவும்போது பெயருக்குப் பின்னால் +எம்பிஐ என்றால் சேரும், ~எம்பிஐ என்றால் சேராது. ஒவ்வொரு தேர்வுக்கும் தனி ஹேஷ் (அடையாளக் குறியீடு), தனி அடைவு. அதனால் இரண்டும் அருகருகே இருக்கும், ஒன்றை ஒன்று அழிக்காது. ஜென்டூ என்ற லினக்ஸ் வகையிலும் யூஸ் ஃபிளாக் என்று இதே மாதிரித் தேர்வு உண்டு, ஆனால் அதில் இந்த வசதி இல்லை. அங்கே ஒரு பேக்கேஜுக்கு ஒரு ஸ்லாட்டில் (அதற்கென ஒதுக்கிய இடத்தில்) ஒரு வடிவம்தான்.

ஆனால் ஸ்பேக்கின் இந்தத் தேர்வு கம்பைல் நேரத்தில், அதாவது மூல நிரலை இயங்கும் மென்பொருளாக மாற்றும்போதே, முடிவாகிவிடும். திருப்பூரில் நூலுக்கே சாயம் ஏற்றிப் பின்னிய துணி மாதிரி. வேறு நிறம் வேண்டுமென்றால் நூலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்புறம், எம்பிஐ கட்டாயம் தேவைப்படும் உங்கள் சொந்த பேக்கேஜின் செய்முறையிலேயே சார்பை (அதற்குத் தேவைப்படும் மற்ற பேக்கேஜை) "எச்டிஎஃப்5+எம்பிஐ" என்று எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நினைவாகத் தட்டச்சு செய்வதை நம்பாதீர்கள்.