பிட் அடித்த மாணவனின் அப்பா அனுப்பிய 25,000 ரூபாய்

கேள்வி: தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியை நான். பல்கலைக்கழக செமஸ்டர் தேர்வில், கால்குலேட்டர் மூடிக்குள் மைக்ரோ ஜெராக்ஸ் ஒளித்து வைத்திருந்த மாணவனைப் பிடித்து ரிப்போர்ட் எழுதினேன். நான் மறுத்தும் அவன் அப்பா நான்கு நாள் முன்பு ஜிபேயில் 25,000 ரூபாய் போட்டுவிட்டார். இப்போது நானே பணம் கேட்டதாக மாணவன் வாட்ஸ்அப்பில் பரப்புகிறான். முதல்வரோ ரிப்போர்ட்டை மாற்றித் தரச் சொல்கிறார். அவதூறு வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் மனவேதனை புரிகிறது. ஆனால் வழக்கு என்று வந்தால் நிற்கப்போவது ஒன்றுதான்: அந்தப் பணம் இன்னும் உங்கள் கணக்கில் இருக்கிறது.

தனியார் கல்லூரிதானே என்று இருந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகத் தேர்வு நடத்தும் பணியில் அமர்த்தப்படும் எவரும் 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டப்படி பொது ஊழியர்தான். லஞ்சம் நிரூபணமானால் 3 முதல் 7 ஆண்டு சிறை. 2018 திருத்தத்துக்குப் பின் கொடுப்பவரும் குற்றவாளி. ஆனால், கட்டாயப்படுத்தியதால் கொடுத்தேன் என்று 7 நாளுக்குள் புகார் செய்தால் அவர் தப்பிக்க வழி உண்டு. 'மேடம் கேட்டார்' என்று மகன் இப்போதே பரப்புவது எதற்கு என்று யோசியுங்கள்.

பணம் கேட்டதும் வாங்கியதும் நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2022-ல் சொன்னது உண்மைதான். நேரடி சாட்சி இல்லாவிட்டாலும் சூழ்நிலைச் சாட்சியங்களே போதும் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. கணக்கில் பணம், அதன்பின் திருத்திய ரிப்போர்ட். வேறென்ன வேண்டும்? முதல்வர் வாய்வார்த்தையாகச் சொன்னதை நாளை ஒப்புக்கொள்ள மாட்டார். கையெழுத்து உங்களுடையது.

நேர்மையானவர்களே மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று உண்டு. பணத்தைக் கவரில் போட்டு, அனுப்பியவர் வீட்டிலேயே கொடுத்துவிடலாம் என்று கிளம்புவார்கள். திருப்பிக் கொடுத்ததற்கு ஆதாரம் இருக்காது. பேரம் பேசப் போனார் என்று சொல்லத் தெருவே இருக்கும்.

இன்றே முதல்வருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் நடந்ததை மெயிலில் எழுதுங்கள். கையோடு, பணம் வந்த அதே கணக்குக்கு வங்கி வழியாகத் திருப்பி அனுப்புங்கள். போனில் இருக்கும் எந்த மெசேஜையும் அழிக்காதீர்கள். அந்த அப்பா கூப்பிட்டால் எடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் ஒரு எழுத்துகூட மாறக் கூடாது.

அவதூறு வழக்கை விடுங்கள். பணம் வந்ததா இல்லையா என்று குறுக்கு விசாரணையில் முதலில் கேட்கப்படுவது உங்களைத்தான். மாணவன் எழுத்தில் மன்னிப்புக் கேட்டால் வாங்கிக்கொண்டு அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடுங்கள். அப்புறம், மன்னிப்புக்குப் பதிலாக ரிப்போர்ட்டை விட்டுக்கொடுங்கள் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.