உப்பு பூத்த மண்ணில் காய்கறி: கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி கடலோரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

கத்தரி போட்ட இடத்துல வெள்ளையா உப்பு பூக்குது அண்ணே. கடையில ஜிப்சம் போடச் சொல்றாங்க. ஏக்கருக்கு எத்தனை மூட்டை? (சாமியார்பேட்டை)

மூட்டையை அப்புறம் எண்ணலாம் தம்பி. முதலில் அது உவரா, களரா என்று தெரிய வேண்டும். உவர் மண்ணில் கரையும் உப்பு அதிகம், ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன்) 4க்கு மேல், பி.எச். (கார அமில அளவு) 8.5க்குக் கீழ் இருக்கும். களரில் சோடியம் களித்துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கும், பி.எச். 8.5ஐத் தாண்டும். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் சேறாக நிற்கும், காய்ந்தால் மண்வெட்டி இறங்காது. ஜிப்சம் இந்தக் களருக்குத்தான் மருந்து. அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். உவர் மண்ணில் போட்டால் உப்போடு இன்னொரு உப்பைச் சேர்த்ததுதான் மிச்சம்.

கடலோர மணலில் வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் உவர்தான். ஆனாலும் என் பேச்சை நம்பிச் செலவு செய்ய வேண்டாம். பத்துப் பதினைந்து இடத்தில் 'வி' வடிவக் குழி எடுத்து, 15 செ.மீ. ஆழம் வரை மண்ணைச் சுரண்டிக் கலந்து, அரை கிலோ பரிசோதனைக்குக் கொடுங்கள். மேலே பூத்த பொருக்கைத் தனிப் பொட்டலமாகக் கட்டுங்கள். புதுச்சேரிக்காரர்கள் குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

மண்வள அட்டையில் ஈ.சி. 1.4 என்று இருக்கிறது ஐயா. தக்காளி 2.5 வரை தாங்கும் என்று படித்தேன். பிறகு ஏன் இலை ஓரம் கருகுகிறது? (காலாப்பட்டு)

இரண்டும் ஒரே அளவு இல்லை அம்மா. ஒரு பங்கு மண்ணை இரண்டு பங்கு தண்ணீரில் கரைத்து அளந்ததை அட்டையில் போடுவார்கள். நீங்கள் படித்த 2.5, மண்ணைக் குழம்பாகப் பிசைந்து அதிலிருந்து பிழிந்த நீரின் அளவு. தண்ணீர் கூடக்கூட எண் சிறுத்துவிடும். உங்கள் மணலுக்கு அட்டை எண்ணைக் குறைந்தது மூன்றால் பெருக்குங்கள்: 4.2. 2.5க்கு மேல் ஒவ்வொரு அலகுக்கும் தக்காளி மகசூல் சுமார் 10 சதவீதம் குறையும். காயின் அடி கறுத்து அழுகினால் அதிலும் உப்புக்குப் பங்கு உண்டு. வேர் கால்சியம் எடுக்கவிடாது.

எந்தக் காய் போடலாம்? (கிள்ளை)

கொத்தவரை. அதே குழம்பு அளவில் 8 தாண்டியும் நிற்கும். காராமணி 5 வரை, பீட்ரூட் 4 வரை பரவாயில்லை. ஆனால் பீட்ரூட் விதை முளைக்கும்போது மட்டும் நல்ல தண்ணீர் கேட்கும். பீன்ஸ், கேரட் பக்கம் போகவே வேண்டாம். கத்தரியும் வெங்காயமும் ஒன்றுக்குச் சற்று மேலேயே அடிவாங்கத் தொடங்கும், ஆனால் பயிர்களின் உப்புத் தாங்கும் அட்டவணையில் வெங்காயம் 'தாங்காதது', கத்தரி 'ஓரளவு தாங்காதது'. அதற்குமேல் அலகுக்கு வெங்காயம் 16 சதவீதம் சரியும், கத்தரி 7 சதவீதம்தான். அதனால் நான் கத்தரியைத் தள்ள மாட்டேன். நல்ல தண்ணீரில் குழித்தட்டு நாற்று வளர்த்து நடுங்கள், நேரடியாக விதைக்காதீர்கள்.

பார் உச்சியில் நட்ட செடியெல்லாம் பட்டுப்போகுது. (பாகூர்)

சாலில் (பள்ளத்தில்) விட்ட தண்ணீர் பாருக்குள் (மேட்டுக்குள்) ஊறி ஏறும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு போகும். உச்சியில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி வாடுவது அதனால்தான். பாரின் பக்கவாட்டில், சாலில் தண்ணீர் நிற்கும் கோட்டுக்குச் சற்று மேலே நடுங்கள். வைக்கோல் மூடாக்கு போட்டால் ஆவியாவது குறையும்.

சொட்டுநீரிலும் இதே கதைதான், ஈரவட்டத்தின் விளிம்பில் உப்பு வளையம் கட்டும். சின்ன மழை வந்தால் மோட்டாரை நிறுத்தத்தான் கை போகும். நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் விளிம்பு உப்பு மழையில் கரைந்து நேராக வேருக்கு வரும்.

போர் தண்ணி உப்பாயிடுச்சு. இன்னும் ஆழம் இறக்கலாமா? (பரங்கிப்பேட்டை)

கடலை ஒட்டிய மேல்மட்ட மணல் என்றால் வேண்டாம். அங்கே நல்ல தண்ணீர் கடல்நீர் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை உப்பைத் தள்ளி வைக்கும். நீங்கள் இறைத்து மேல்மட்டம் இறங்க இறங்க, கீழிருந்து உப்பு ஏறும். ஆழமில்லாத கிணற்றில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள்.

அடுப்புச் சாம்பல்? (தவளக்குப்பம்)

களருக்கு ஆகாது, அதுவே காரம். உவர் மண்ணுக்கும் அது உப்புதான். பொட்டாஷ் போடுவதானால் மியூரியேட்டை (குளோரைடு வகையை) விட்டு சல்பேட் வகை வாங்குங்கள்.

உப்பை மொத்தமாக எடுக்க வழியே இல்லையா? (தேவனாம்பட்டினம்)

எரு, மூடாக்கு எல்லாம் செடியைக் காப்பாற்றும், உப்பை வெளியேற்றாது. அதைத் தண்ணீர்தான் கொண்டுபோக வேண்டும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கிறது. ஆவணியில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரச்செடி) விதைத்து, 45 நாளில் பூக்கும் சமயம் மடக்கி உழுங்கள். வரப்பை உயர்த்தி மழைநீரைத் தேக்கி உள்ளே இறங்க விடுங்கள். ஒரு அடி மண்ணுக்குள் ஒரு அடி தண்ணீர் முழுசாக இறங்கி வெளியேறினால் கரையும் உப்பில் பெரும்பகுதி போய்விடும். இறங்கிய தண்ணீர் போக, தாழ்ந்த பக்கத்தில் ஆழமான வடிகால் வெட்ட வேண்டும். அது பக்கத்துக் கொல்லையில் போய் முடியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.